பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது: குறை தட்டிலா, முள்ளிலா?

மாடிவீட்டு ரேடியோ (இழை தொடங்கியவர்):
வணக்கம். ‘ஓல்ட் அண்ட் இன் த வே’ என்ற அமெரிக்க புளூகிராஸ் (தந்தி வாத்திய நாட்டுப்புற இசை) குழுவின் 1975 நேரடி நிகழ்ச்சி ஆல்பத்தை, 180 கிராம் எடையுள்ள இசைத்தட்டு மறுபதிப்பாக நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தின் தொடக்கத்தில் ஜெர்ரி கார்சியாவின் பான்ஜோ ஒவ்வொரு தந்தியாகத் தனித்துக் கேட்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தின் இறுதிப் பாட்டான ‘லேண்ட் ஆஃப் த நவஹோ’வில் பீட்டர் ரோவன் குரலை உச்சத்துக்கு ஏற்றும் இடங்களிலெல்லாம் ஒலி சிதறுகிறது. ஸகர ஒலிகள் அப்பளம் நொறுங்குவதுபோல் விழுகின்றன. திருப்பி அனுப்புவதற்கான கெடு நெருங்கிவிட்டதால், தட்டில் குறை உள்ளதா என்று அன்புகூர்ந்து விரைவாகச் சொல்லுங்கள்.

தந்திக்கம்பி:
எந்த கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி அதன் அசைவை ஒலியாக்கும் பகுதி), எந்த முள், முள்ளின் மேல் எவ்வளவு எடை வைத்திருக்கிறீர்கள், இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் சிதறுகிறதா அல்லது ஒன்றில் மட்டுமா, உங்களிடமுள்ள மற்றத் தட்டுகளின் கடைசிப் பாட்டுகள் எப்படிக் கேட்கின்றன? இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் எவரும் எதையும் சொல்ல முடியாது.

ஈரத்துணி:
முதலில் தட்டைக் கழுவுங்கள். புதுத் தட்டு சுத்தமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. அச்சிடும்போது ஒட்டிய துகளும், காகித உறையின் தூசியும் இசை பதிந்த பள்ளத்துக்குள் தங்கியிருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவிக் காயவைத்த பிறகு பேசலாம்.

தந்திக்கம்பி:
கழுவுவதில் நட்டமில்லை. ஆனால் தூசி உச்சக் குரல் வரும் வரை காத்திருந்து சத்தம் போடாது. அது பாட்டு நெடுகிலும் சடசடக்கும்.

நாடாக்காலம் (மூத்த உறுப்பினர்):
இந்தத் தட்டின் வரலாறு தெரியாமல் வாங்குகிறவர்கள் இப்படித்தான் திகைப்பார்கள். இது 1973 அக்டோபர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவின் போர்டிங் ஹவுஸ் அரங்கில் பதிவானது. ஒலிப்பதிவாளர்கள் அவுஸ்லி ஸ்டான்லியும் விக்கி பாப்காக்கும் எட்டு மைக்குகளை, பக்கத்துக்கு நான்காகப் பிரித்து, அங்கேயே கலந்து, ஒரு நாக்ரா ஸ்டீரியோ நாடாப்பதிவுக் கருவியில் நேரடியாக ஏற்றினார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு குரலாகத் திருத்த அதில் வழியே இல்லை. பாடகர் மைக்கை நெருங்கிப் பாடினால் நாடாவே திணறும். ஸ்டுடியோ மெருகை எதிர்பார்ப்பவர்கள் வேறு இசையைத் தேடிக்கொள்வது நல்லது.

தந்திக்கம்பி:
ஐயா, வரலாறு சரிதான். ஆனால் குறை நாடாவில் இருக்குமானால் அதே பாட்டின் சிடியிலும் அதே இடத்தில் கேட்க வேண்டும். பதிவின் மேல் பழி போடுமுன் அதைச் சோதிக்கலாமே.

மாடிவீட்டு ரேடியோ:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். கார்ட்ரிட்ஜ் ஏடி-விஎம்95இ. கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். எடை பற்றி எனக்குத் தெரியாது. இந்த ஆல்பம் ஒரே தட்டுதான், நிமிடத்துக்கு 33 சுற்று. இணையத்தில் அதே பாட்டைக் கேட்டேன், குரல் சுத்தமாக இருக்கிறது. சிதறல் வலப்பக்கத்தில் அதிகம். மற்றத் தட்டுகள் பெரும்பாலும் பியானோ இசை என்பதால் இதுவரை கவனித்ததில்லை.

தந்திக்கம்பி:
இப்போது விஷயம் பிடிபடுகிறது. தட்டின் ஓரத்தில் முள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளத்தைக் கடக்கிறது, கடைசிப் பாட்டின் முடிவில், மையத்தை நெருங்கும்போது, அது சுமார் 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளிவிளிம்பில் 51 மைக்ரான் நீளம் விரிந்து கிடக்க, உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்து நிற்கிறது. உங்கள் முள் நீள்வட்ட வகை. பள்ளத்தின் சுவரைத் தொடும் அதன் பக்கவாட்டு வளைவு 0.3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறத்தாழ ஏழரை மைக்ரான். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தால் சமாளிக்கும். சற்றே பிசகினாலும் ஸகரமும் உச்சக் குரலும்தான் முதலில் உடையும். புளூகிராஸில் டிரம்ஸ் இல்லை, மூடி மறைக்க எதுவுமில்லை; மாண்டலின் வெட்டும் ஃபிடிலின் வில்லும் குரலும் எல்லாமே மேல்தளத்தில் நிற்பதால் பிசகு பளிச்சென்று தெரிகிறது.

அந்த கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட எடை 1.8 முதல் 2.2 கிராம் வரை. எடை குறைந்தால் தட்டு தேயாது என்று எண்ணிச் சிலர் குறைத்து வைப்பார்கள். உண்மையில் முள் சுவரைவிட்டுத் துள்ளித்தான் பள்ளத்தைச் சேதப்படுத்தும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி அளந்து, 2 கிராமில் வையுங்கள். வலப்பக்கம் அதிகம் என்கிறீர்கள். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) இயல்பாக மையத்தை நோக்கி இழுக்கப்படுவதால், இடப்பக்க ஒலி பதிந்த உட்சுவரில் அழுத்தம் கூடி, வலப்பக்க ஒலி பதிந்த வெளிச்சுவரில் பிடி தளரும். ஆகவே அந்த இழுப்பை எதிர்க்கும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் அமைப்பையும் பாருங்கள். அதன் பிறகு தட்டின் இடத்தில் வைக்கும், கோடு வரைந்த அட்டை அளவுகோலைக் கொண்டு கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபாருங்கள்.

நாடாக்காலம்:
எண்களை அடுக்கினால் மட்டும் காது வந்துவிடாது. இந்த மாதிரி மறுபதிப்புகளில் பல, நாடாவிலிருந்து டிஜிட்டல் கோப்பாக மாற்றித் தட்டில் வெட்டியவை. 2022-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய மறுபதிப்பு நிறுவனம் முழு அனலாக், அதாவது டிஜிட்டல் கலக்காதவை, என்று வாங்குவோர் நம்பியிருந்த தட்டுகளில் டிஜிட்டல் இடைநிலை இருந்ததை ஒப்புக்கொண்டது நினைவில்லையா? 1975 முதல் பதிப்பைத் தேடி வாங்குங்கள்.

ஈரத்துணி:
முதல் பதிப்பை வாங்கினால் அதையும் கழுவ வேண்டும்.

ஒலிக்கூடம்:
டிஜிட்டல் இடைநிலை இருந்ததா என்பது நேர்மை பற்றிய கேள்வி, அதில் வாங்குகிறவருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் டிஜிட்டல் கோப்பு முதல் பாட்டைத் தெளிவாகவும் கடைசிப் பாட்டைக் கரகரப்பாகவும் தராது. 50 ஆண்டுப் பழைய முதல் பதிப்பும் அதே இடத்தில், அதே முள்ளில், சிதறவே செய்யும். போதாக்குறைக்கு முன்னவரின் மோசமான முள் உழுத தழும்பும் சேர்ந்திருக்கும். 180 கிராம் என்பதும் கைக்குக் கனமே தவிரப் பள்ளத்தின் தரத்துக்குச் சான்றில்லை.

நாடாக்காலம்:
நான் சொன்னது தழும்பில்லாத பிரதியை. தெரியாதவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

மாடிவீட்டு ரேடியோ:
தராசில் 1.4 கிராம் காட்டியது. 2-க்கு ஏற்றினேன், ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கையும் கூட்டினேன். குரல் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. முடிவில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் சற்று நெருடுகிறது. தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அனைவருக்கும் நன்றி.

தந்திக்கம்பி:
கோணத்தைச் சரிபார்த்தீர்களா? அட்டையை அச்சிட்டிருந்தால் அச்சளவு 100 விழுக்காடுதானா என்று அடிக்கோலால் அளந்து பாருங்கள். பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளுக்கேற்பச் சுருக்கிவிடும். அதற்குப் பிறகும் நெருடினால், அதே கார்ட்ரிட்ஜில் இன்னும் நுண்ணிய முனையுள்ள மைக்ரோலீனியர் முள்ளை மாற்றிப் பொருத்தலாம், உடல் ஒன்றுதான்.

ஒலிக்கூடம்:
இழை தொடங்கியவர் இன்னும் பார்க்கிறாரா? முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, ‘த ஹோபோ சாங்’, இப்போது எப்படிக் கேட்கிறது என்றும் சொன்னால் உதவும்.