பொருள்: ‘ஸ்டார்ட்டிங் டார்க்’குக்குத் தமிழ் – ‘கிளப்பு முறுக்கம்’ சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கான கம்ப்ரசர் கையேட்டில், எரிந்துபோன மோட்டாருக்குப் பதில் வேறு மோட்டார் தேர்ந்தெடுக்கும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெல்ட், புல்லி, கெப்பாசிட்டர், ஃபிரேம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பெயர்கள் அவை. ‘ஸ்டார்ட்டிங் டார்க்’, அதாவது நிற்கும் மோட்டார் கிளம்பும்போது தரும் சுழற்றும் வலு, அப்படியில்லை. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை, வாங்குகிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> பாடநூலில் ‘திருப்புவிசை’ இருக்கிறதே. ‘தொடக்கத் திருப்புவிசை’ என்றால் முடிந்தது. புதிதாக எதற்கு?

பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்தான், மறுக்கவில்லைங்க. ஆனால் அதற்குள் ‘விசை’ உட்கார்ந்திருப்பது இந்தக் கையேட்டுக்கு வம்பு. விசைக்கு அலகு நியூட்டன், டார்க்குக்கு நியூட்டன் மீட்டர். மோட்டார் புல்லியைச் சின்னதாக்கினால் மோட்டாரின் டார்க் மாறாது. பெல்ட்டில் கிடைக்கும் இழுவிசை கூடும், கம்ப்ரசர் சுற்று குறையும். ஒரே வரியில் இரண்டு ‘விசை’ வந்தால் படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அதனால்தான் ‘முறுக்கம்’ என்கிறேன்.

இன்னொன்று. 2 ஹெச்.பி., நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் முழுச் சுமையில் தரும் முறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதே 2 ஹெச்.பி. 2880 சுற்றில் வந்தால் சுமார் 5தான். ‘ஹெச்.பி. ஒன்றுதானே’ என்று புல்லியை மாற்றாமல் மாட்டினால், பாதி முறுக்கத்தை வைத்துக்கொண்டு அதே கம்ப்ரசரை இரட்டை வேகத்தில் ஓட்டச் சொல்கிறோம் என்று அர்த்தம். இதைச் சொல்லக் கையில் ஒரு சுத்தமான சொல் வேண்டும்.

> பட்டறையில் எல்லோரும் ‘இழுவை’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆமாம். பெல்ட் வழுக்கினாலும் ‘இழுவை இல்லை’, வோல்டேஜ் குறைந்தாலும் ‘இழுவை இல்லை’, ஹெச்.பி. போதாவிட்டாலும் அதேதான். பேச்சுக்கு நல்ல சொல், விளக்கத்தில் தாராளமாகப் போடலாம். கலைச்சொல்லுக்கு அகலம் அதிகம்.

> கிளம்புவதற்கென்று தனியாக ஒரு சொல் தேவையா? ஹெச்.பி. சொன்னால் போதாதா?

போதாது. நம் பக்கத்தில் இது ரொம்பவே முக்கியம். எந்தத் தோட்டத்துச் சாளைக்குப் போனாலும் மூலையில் பம்பு மோட்டார் ஒன்று சும்மா கிடக்கும். ‘இதையே கம்ப்ரசருக்குப் போட்டால் என்னங்க?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பம்பும் மோட்டாரும் ஒரே ஷாஃப்டில் இருக்கும் மோனோபிளாக் என்றால் பேச்சே இல்லை. அதன் ஷாஃப்ட் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்காகச் செய்தது, புல்லி மாட்ட இடமிருக்காது. பெல்ட் மாட்டும் தனி மோட்டாராக இருந்தாலும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சென்ட்ரிஃபியூகல் பம்பு நின்ற நிலையில் ஏறக்குறைய எதுவும் கேட்காது. வேகத்தின் இருமடிக்கேற்பத்தான் (வர்க்கத்துக்கேற்ப) சுமை ஏறும். பிஸ்டன் கம்ப்ரசர் முதல் சுற்றிலிருந்தே கேட்கும். அதனால் கெப்பாசிட்டர் எப்போதும் வைண்டிங்கோடு சேர்ந்தே இருக்கும் சாதா சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பம்புக்குப் போதும். அது கிளம்பும்போது தருவது பெரும்பாலும் முழுச்சுமை முறுக்கத்தைவிடக் குறைவு. கம்ப்ரசருக்கு வேண்டியது ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் வைத்த மோட்டார். அது இரண்டு மூன்று மடங்கு தரும். ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் உள்ளே சுவிட்ச் ‘டக்’கென்று விடுபடுவது காதிலேயே கேட்கும்.

வோல்டேஜையும் சேர்க்க வேண்டும். முறுக்கம் வோல்டேஜின் இருமடிக்கேற்ப மாறுகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் சாயங்காலம் 180 வந்தால், கிளப்பும் திறன் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் ஓடிய மோட்டார் மாலையில் உறுமிக்கொண்டு நிற்பது இதனால்தான். ஹெச்.பி. என்ற ஒற்றை எண்ணில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

அப்புறம், ‘கிளம்பு’வா ‘கிளப்பு’வா என்ற கேள்வி. மோட்டார் தான் மட்டும் கிளம்பினால் போதாது, சுமையையும் கிளப்ப வேண்டும். ஆகவே கிளப்பு முறுக்கம். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்த ஊர் கோவை. இங்கே மோட்டார் பேச்சு தலைமுறைகளாகத் தமிழில்தான் நடக்கிறது: கிளம்பலை, திணறுது, உறுமுது. அந்தப் பேச்சிலிருந்தே சொல் எடுத்தால் யாருக்கும் விளக்கவுரை வேண்டியிருக்காது.

> கிளப்பு முறுக்கா? காப்பி கிளப்பில் விற்பதா?

சிரித்துவிட்டேன். ‘முறுக்கு’ என்று போடாமல் ‘முறுக்கம்’ என்று போட்டதே அதற்குத்தான்.

இதோடு ஒட்டியவை: ‘பிரேக்டவுன் டார்க்’ என்பதில் எதுவும் உடைவதில்லை. ஓடும் மோட்டார் தாங்கக்கூடிய அதிகபட்சம் அது. ‘உச்ச முறுக்கம்’ என்று வைத்திருக்கிறேன். கம்ப்ரசர் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ‘புஸ்’ஸென்று காற்றை விடுகிற அன்லோடர் வால்வுக்குச் ‘சுமையிறக்கி’. புது மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் டாங்கைக் காலி செய்துவிட்டு ஒருதரம் போட்டுப் பாருங்கள் என்று தனிப் பெட்டியில் எழுதியிருக்கிறேன். காலி டாங்கில் கிளம்பி, பாதிக் காற்றோடு மறுபடி போடும்போது மட்டும் உறுமினால், மோட்டாரை விட்டுவிட்டுச் சுமையிறக்கியையும் டாங்கில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் முதலில் பார்க்க வேண்டும்.

‘நான்-ரிட்டர்ன் வால்வு’க்கு ‘திரும்பா வால்வு’ என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவு திருப்தியில்லை. நல்லதாக யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். திங்கட்கிழமை பக்க அமைப்புக்குக் கொடுக்கிறேன்.