தாத்தா பத்தி எழுதணும், டயாலிசிஸை எழுதலாமா வேணாமா?

நோட்டுக்காரர்_பேரன்

வணக்கம். போன மாசம் எங்க தாத்தா தவறிட்டார், 81 வயசு. கிட்னி செயலிழந்து கடைசி 9 வருஷம் டயாலிசிஸ்ல இருந்தார். அடுத்த மாசம் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறோம், வர்றவங்க கையில கொடுக்க எட்டு பக்கத்துல சின்னதா ஒரு மலர் போடலாம்னு வீட்ல முடிவு பண்ணி எழுதுற வேலையை என் தலையில கட்டிட்டாங்க.

தாத்தாவுக்கு பதவி கிதவி எதுவும் கிடையாது, ரிட்டயர் ஆன ஒரு கிளார்க், அவ்வளவுதான். ஆனா தெருவுல யாருக்கு பென்ஷன் நின்னாலும், லைட் எரியலைன்னாலும், அவசரமா ரத்தம் வேணும்னாலும் முதல்ல தட்டுறது எங்க வீட்டுக் கதவைத்தான். மனு எழுதுவார், பதில் வரலைன்னா திரும்ப எழுதுவார், எந்த தேதியில யாருக்கு எழுதினோம்னு ஒரு நீள நோட்டுல குறிச்சு வைப்பார், அந்த நோட்டைத் தொட்டா மட்டும் எங்களுக்கு திட்டு விழும்.

பிரச்சனை என்னன்னா, பெரியப்பா நோயைப் பத்தி ஒரு வரி கூட வரக்கூடாதுங்கிறார், பரிதாபப்பட்டா அப்பாவுக்கே பிடிக்காதுன்னு. அத்தை அப்படியே நேர் எதிர், "நோயை வென்ற மாமனிதர்"னு தலைப்பே போட சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே ஒட்டல. வெல்லவும் இல்ல, மறைச்சு வாழவும் இல்ல. இப்படி யாராவது எழுதியிருக்கீங்களா, எங்க ஆரம்பிச்சீங்க?

ஊசிக்கை

நான் 12 வருஷமா டயாலிசிஸ் டெக்னீஷியன். முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வாரம் 3 தடவை, ஒரு தடவைக்கு 4 மணி நேரம்னு வச்சா வருஷத்துக்கு 156 தடவை, 9 வருஷத்துல 1400 தடவைக்கு மேல வருது. ஒவ்வொரு தடவையும் ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியா ஆபரேஷன் பண்ணி ரெண்டு ரத்தக்குழாயை ஒண்ணா இணைச்ச இடம்) இருக்கிற கையில ரெண்டு தடி ஊசி, ஒண்ணு வழியா ரத்தம் வெளிய போகும் இன்னொண்ணு வழியா சுத்தமாகி உள்ள வரும். முடிஞ்சு எந்திரிக்கும்போது சில பேருக்கு பிரஷர் விழுந்து தலை சுத்தும், கால் நரம்பு இழுக்கும், அன்னிக்கு முழுக்க துணி பிழிஞ்ச மாதிரிதான் கிடப்பாங்க. அப்படின்னா உங்க தாத்தா தெருவுக்கு செஞ்சதெல்லாம் மிச்சம் இருந்த நாள்ல செஞ்சது. இதை விட்டுட்டு எழுதினா பாதி மனுஷனைத்தான் எழுதுவீங்க.

இன்னொண்ணு, வீட்டு ஆளுங்களை மட்டும் கேக்காதீங்க. பக்கத்து பெட்ல வருஷக்கணக்கா படுத்திருந்தவங்கன்னு யாராவது இருப்பாங்க, வீட்ல சொல்லாததை எல்லாம் அவங்க கிட்டதான் பேசியிருப்பார். எங்க யூனிட்ல தினமும் பாக்குறேன்.

சும்மா_வந்தேன்

உண்மைய சொன்னா மலரை யாரும் படிக்கமாட்டாங்க ப்ரோ, நல்ல போட்டோ ஒண்ணு பெருசா போடுங்க. மத்தபடி ஒரே கேள்வி, தாத்தா தன் நோயை வெளியாளுங்க கிட்ட அவரா சொன்னாரா? சொல்லியிருந்தா எழுதுங்க, சொல்லலைன்னா பெரியப்பா சொல்றதுல நியாயம் இருக்கு.

பழைய_வாசகி

அத்தை சொல்ற தலைப்பு வேண்டாம்னு நானும் சொல்வேன், ஆனா என் காரணம் வேற. டயாலிசிஸை வருஷக்கணக்கா தொடர்ந்து செய்ய முடிஞ்சதே 1960-ல அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல ஸ்கிரிப்னர்ங்கிற டாக்டர் கையில நிரந்தரமா வச்சிருக்கிற டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் புது ரத்தக்குழாயை அறுக்கணும், கொஞ்ச நாள்ல அறுக்க இடமே இருக்காது. அப்புறம் மெஷின் கம்மி, ஆள் அதிகம்னு ஆனதும் அங்க 7 பேர் கமிட்டி ஒண்ணு போட்டாங்க, பாதிரியார், வக்கீல், பேங்க்காரர், வீட்டைப் பாத்துக்கிற ஒரு அம்மா இப்படி. யாருக்கு மெஷின் யாருக்கு இல்லன்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க. வயசு, வேலை, எத்தனை பிள்ளைங்க, சர்ச்சுக்கு போறாரா, ஊருக்கு உபயோகமானவரா, இதெல்லாம் பாத்தாங்களாம். 1962-ல பத்திரிகையில வெளிவந்து பெரிய சர்ச்சையாச்சு. பத்து வருஷம் கழிச்சு 1972-ல செலவை அரசாங்கமே ஏத்துக்கிற சட்டம் வந்தபிறகுதான் அந்தத் தேர்வுக்கு தேவை இல்லாம போச்சு.

ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, ஊருக்கு உழைச்சார் அதனால 9 வருஷம் வாழ்ந்தார்னு எழுதிடாதீங்க. படிக்கிறவங்க வீட்லயும் டயாலிசிஸ்ல இருந்து ஆறே மாசத்துல போன ஒருத்தர் இருக்கலாம், அவர் நல்லவர் இல்லையா என்ன? எங்க அம்மா யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல, செய்யவும் முடியல, படுத்துட்டே டிவி பாத்துட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் அந்த மெஷின் ஓடத்தான் செஞ்சுது.

நோட்டுக்காரர்_பேரன்

எல்லாருக்கும் நன்றி, பழைய_வாசகி அக்கா உங்களுக்கு தனியா. ஊசிக்கை அண்ணா சொன்ன மாதிரியே செஞ்சேன், பக்கத்து பெட் சார் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் பேசினேன். ஃபிஸ்டுலாவை இடது கையில வைங்க, வலது கை எழுதணும்னு தாத்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட சொல்லிட்டாராம். டாக்டர் சிரிச்சுக்கிட்டே, எழுதுற கையை விட்டுட்டு மத்த கையிலதான் பொதுவா வைப்போம்னு சொன்னாராம். அந்த நாலு மணி நேரமும் பேடு வச்சுக்கிட்டு கூட படுத்திருந்தவங்களுக்கு ஃபார்ம் எழுதிக் கொடுத்துட்டு இருந்தாராம். எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது, போய் தூங்கிட்டு வர்றார்னு நினைச்சுட்டு இருந்தோம்.

இன்னொன்னும் சொன்னார். ஒரு தடவை ஏதோ கூட்டத்துக்காக டயாலிசிஸை விட்டுட்டார், நடு ராத்திரி மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடினோம். எங்க கிட்ட மெஷின் ரிப்பேர்னு சொல்லியிருந்தார். பொய்! இதையும் எழுதப் போறேன், அத்தை கோவப்பட்டா படட்டும்.

சும்மா_வந்தேன் கேட்டதுக்கு பதில், ஆமா, அவரா சொல்லுவார். "திங்கள் புதன் வெள்ளி நான் மெஷினுக்கு, மத்த நாள் உங்களுக்கு"ன்னு திண்ணையில ஒரு அட்டையே எழுதித் தொங்க விட்டிருந்தார். எட்டு வயசுல பாத்து பழகினதால எங்க கண்ணுக்கு அது தெரியாமலே போச்சு போல. பெரியப்பா கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அதையே அட்டைப்படமா போடுன்னுட்டார். சின்னப் பையனா இருக்கும்போது அந்த இடது கையில என் விரலை வச்சு ஃபிஸ்டுலாவுல ரத்தம் கிர்ர்னு ஓடுற அதிர்வை காட்டுவார், மோட்டார் ஓடுது பாருடாம்பார், அதை எந்தப் பக்கத்துல வைக்கிறதுன்னு மட்டும் இன்னும் தெரியல.

நோட்டையும் இப்பத்தான் முதல் தடவையா முழுசா படிச்சேன். கடைசி பக்கத்துல 4 மனு பாதியில நிக்குது. ரெண்டு பேர் கிட்ட பேசிட்டேன், ஒருத்தருக்கு வேலை ஏற்கனவே முடிஞ்சிருச்சாம். மீதி ரெண்டு நம்பர் எடுக்கல, நாளைக்கு சாயந்திரம் திரும்ப போட்டுப் பாக்கணும்.