பால்மரக் காட்டோரம் லோரிக் குப்பை: இருட்டில் பிளேட் எண்ணைப் பிடிப்பது எப்படி?

மலேசியாவின் தென் கெடாவில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் ஓடையோரம் அரசு நிலம். தீபாவளி முடிந்ததிலிருந்து இரவு ஒரு மணிக்கு மேல் லோரி வந்து கொட்டுகிறது: உடைந்த சிமெண்ட், மெத்தை, கருப்புப் பையில் கோழி இறகு. மழை பெய்தால் நாற்றம் மாரியம்மன் கோயில் வாசல் வரை.

கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் துப்புரவு) போட்டு அள்ளினோம், பத்தே நாளில் பழையபடி. பலகை நட்டோம், அதன் காலடியிலேயே கொட்டினான், அவ்வளவு துணிச்சல். இரண்டு அரசு அலுவலகங்களுக்கு மனு கொடுத்தாகிவிட்டது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். திடக்கழிவுச் சட்டம் 672 கெடாவில் அமலில் இருக்கிறது, அபராதம் 1,00,000 ரிங்கிட் வரை. ஆனால் ஆதாரம் வேண்டுமே! போனில் எடுத்த படத்தில் லோரி விளக்கின் வெளிச்சம் மட்டும்தான்.

கரண்ட் இல்லாத இடத்தில், இரவில் பிளேட் எண் தெளிவாக விழும் சோலார் கேமரா யாராவது வைத்திருக்கிறீர்களா, எது?