பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய சிறிய கார்: ஸ்டீயரிங் விட்டுவிட்டு இறுகுகிறது, இடப்பக்கம் குறைவாக ஒடிகிறது

கேள்வி:

வணக்கம். இருபது ஆண்டுகளைக் கடந்த ஒரு சிறிய காரை நான் பயன்படுத்துகிறேன். முன்சக்கர இயக்கம், ரேக் பினியன் ஸ்டீயரிங் (ஸ்டீயரிங் தண்டின் பற்சக்கரம், ‘ரேக்’ எனும் பல் வெட்டிய கம்பியை இடவலமாக நகர்த்தும் அமைப்பு), 12 அங்குலச் சக்கரங்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. வீட்டு வாயில் ஒரு குறுகிய சந்துக்குச் செங்குத்தாக அமைந்திருப்பதால் நாள்தோறும் இருமுறையாவது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.

நின்ற நிலையில் ஸ்டீயரிங் கனமாக இருப்பது இயல்பு என்பதை அறிவேன். ஆனால் மெதுவாக நகரும்போதும் ஸ்டீயரிங் ஒரே சீராகச் சுற்றாமல், சிறிது இறுகி, பிறகு இளகி, மறுபடியும் இறுகுகிறது. சாலையின் சிறு வளைவுகளில் தானாகவே நேராகத் திரும்பிவிடுகிறது. ஆனால் முழுக்க ஒடித்த பிறகு கையால் இழுத்தால்தான் திரும்புகிறது. வலப்பக்கம் ஒரே வீச்சில் வாயிலுக்குள் நுழைந்துவிடும் கார், இடப்பக்கம் திரும்பும்போது ஒருமுறை கூடுதலாக முன்னும் பின்னும் நகர்த்தப்பட வேண்டியிருக்கிறது. முழுக்க ஒடித்த நிலையில் இறங்கிப் பார்த்தால், உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பி நிற்கிறது. ஏதேனும் வளைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

ஆறு மாதங்களுக்கு முன் பள்ளங்களில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் தட்டும் ஓசை வந்ததால், ஒரு பட்டறையில் ரேக்கில் எதையோ இறுக்கி வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்) செய்தார்கள். ஓசை நின்றுவிட்டது. ஆனால் இந்தக் கனம் அதன் பிறகுதான் கூடியதாக நினைக்கிறேன். குறை காரிலா, என் ஓட்டுமுறையிலா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

முதல் பதில்:

உள்பக்கச் சக்கரம் அதிகமாகத் திரும்புவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். திருப்பத்தில் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் டயர்கள் தரையில் தேயும். குதிரை வண்டிகளுக்காக இந்த அமைப்பை உருவாக்கியவர் ஜெர்மன் வண்டித் தயாரிப்பாளர் லாங்கென்ஷ்பெர்கர். 1818-இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய முகவர் அக்கர்மன் என்பதால் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கம் ஒடிக்கும்போது இடச்சக்கரம் திரும்பும் அளவும், வலப்பக்கம் ஒடிக்கும்போது வலச்சக்கரம் திரும்பும் அளவும் ஒத்திருக்க வேண்டும்.

அதைக் கருவி இல்லாமலே அறியலாம். சமமான நேர்ச்சாலையில் கார் நேராகச் செல்லும் நிலையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, அங்கிருந்து இடப்பக்க எல்லை வரை எத்தனை சுற்று, வலப்பக்க எல்லை வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதற்கு முன் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். முன்டயர்களில் காற்று குறைந்திருந்தால் பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் கை உடனே உணரும்.

இரண்டாம் பதில்:

இறுக்கம் எத்தனை முறை வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகினால், ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் உள்ள கிராஸ் ஜாயிண்டை (தண்டு கோணத்தில் வளைந்தும் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) முதலில் ஐயப்படுங்கள்; நீரும் மண்ணும் புகுந்து துருப்பிடித்த ஜாயிண்ட் இப்படித்தான் நடந்துகொள்ளும். சுற்றுக் கணக்கோடு தொடர்பில்லாமல் இரு எல்லைகளையும் நெருங்கும்போது மட்டும் இறுகினால் காரணம் ரேக்கில் இருக்கும். சாதாரண ஓட்டத்தில் ஸ்டீயரிங் பெரும்பாலும் நடுநிலையிலேயே நிற்பதால் ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில் அதிகமாகத் தேய்கின்றன. அங்குள்ள ஆட்டத்தைப் போக்குவதற்காக ரேக்கின் அட்ஜஸ்டரை (ரேக்கைப் பற்சக்கரத்தோடு அழுத்திவைக்கும் திருகு) இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகள் பிடித்துக்கொள்ளும். சிறு வளைவில் தானே திரும்பும் ஸ்டீயரிங் முழுக்க ஒடித்த பின் திரும்ப மறுப்பதற்கு இதுவே பொருத்தமான விளக்கம். இறுக்கிய பின் ஓசை நின்றதையும் சேர்த்துப் பாருங்கள்.

உறுதிசெய்ய, சமதரையில் முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகள் மேல் நிறுத்தி, ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சக்கரங்கள் காற்றில் இருக்கும்போது கனம் முழுவதும் மறைந்துவிட்டால் டயரையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். அப்போதும் இறுக்கம் இருந்தால் இரு டை ராடு எண்டுகளையும் (ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு கம்பிகளின் வெளிமுனைகள்) கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கம் போய்விட்டால் பால் ஜாயிண்டோ (சக்கரம் திரும்ப உதவும் குண்டு இணைப்பு) ஸ்ட்ரட்டின் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனைப் பேரிங்கோ காரணம். போகாவிட்டால் ரேக் அல்லது தண்டு. மேல்முனைப் பேரிங் பிடித்துக்கொண்டால் சுருள்வில் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் ஓசையுடன் துள்ளித் தளரும். நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடவில்லை. கழற்றும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். திரும்பப் பூட்டும்போது நட்டு கழலாமல் தடுக்கும் பழைய கோட்டர் பின்னை மறுபடியும் பயன்படுத்த விடாதீர்கள்.

மூன்றாம் பதில்:

மற்றவர்கள் காரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்; நான் அந்தக் குறுகிய சந்தில் திருப்புவது பற்றிச் சொல்கிறேன். திருப்பத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை, உள்ளே ஒதுங்கிச் செல்கின்றன. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.2 மீட்டர் இருக்கும் ஒரு காரின் வெளிப்பக்க முன்சக்கரம் 4.6 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், அதே பக்கத்துப் பின்சக்கரம் சுமார் 4 மீட்டர் ஆரத்தில்தான் செல்லும். ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் வேறுபாடு! முன்பக்கமாக நுழையும்போது வாயில் தூணில் காரின் கதவு உரசுவதற்கு இந்த ஒதுக்கமே காரணம்.

ஆகவே பின்பக்கமாக நுழையப் பழகுங்கள். அப்போது திருப்பத்தின் மையம் பின் அச்சின் நேர்கோட்டிலேயே இருப்பதால், உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூணுக்கு அருகே கொண்டுசென்று காரின் முகத்தைச் சுழற்றிவிடலாம். அப்போது முகத்தின் வெளிமூலை எதிர்ச்சுவரை நோக்கி வீசும். கண்ணாடியிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் அந்த மூலையைத்தான் இடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நின்ற காரில் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். ஒவ்வொரு நகர்வின் கடைசி ஓரடியிலும், கார் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த நகர்வுக்கு வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைச் சுற்றத் தொடங்குங்கள். கை வலி குறைவதோடு, அடுத்த நகர்வு தொடக்கத்திலிருந்தே வளைவாக அமைவதால் மொத்த நகர்வுகளின் எண்ணிக்கையும் குறையும். எல்லையைத் தொட்டதும் மேலும் அழுத்திப் பிடிப்பதால் ஒரு பயனும் இல்லை.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒட்டுநாடா ஒட்டி எண்ணிப் பார்த்தேன்: இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று, வலப்பக்கம் ஒன்றேமுக்கால் சுற்று. இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வருகிறது. எல்லையை நெருங்கும்போது அதற்கு மேலும் ஒரு கனம் சேர்கிறது. முன்டயர்களிலும் காற்று குறைவாகவே இருந்தது. இடவலம் வேறுபடுவதற்கு மட்டும் காரணம் புரியவில்லை.

முதல் பதில் அளித்தவர்:

நேராகச் செல்லும் நிலையில் உங்கள் ரேக் நடுவில் இல்லை. அலைன்மென்ட் செய்யும்போது இரு டை ராடுகளையும் சம அளவில் திருகாமல் ஒன்றை மட்டுமே திருகியிருப்பார்கள். அதனால் கோணலாக நின்ற ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டியிருப்பார்கள். பலமுறை இப்படி நடந்தால் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் போய்விடும். காரின் அடியில் பாருங்கள், டை ராடுகளில் வெளியே தெரியும் மரையின் நீளம் இரு பக்கமும் வேறுபடும். முதலில் ரேக்கை இரு எல்லைகளுக்கும் நடுவே நிறுத்தி, ஸ்டீயரிங்கை அந்நிலையில் நேராக மாட்டி, அதன் பிறகு இரு டை ராடுகளையும் சமமாகத் திருகி அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்):

வேலை முடிந்தது. கிராஸ் ஜாயிண்டின் ஓர் அச்சு துருவால் ஏறக்குறைய அசையாமல் இருந்தது, அதை மாற்றினோம். ரேக்கின் அட்ஜஸ்டரைச் சற்றுத் தளர்த்தியவுடன் ஸ்டீயரிங் தானாகத் திரும்பத் தொடங்கியது. ஆனால் பள்ளங்களில் பழைய தட்டும் ஓசை மெல்லத் திரும்பிவிட்டது. மரைகளின் நீளம் நீங்கள் சொன்னது போலவே வேறுபட்டிருந்தது. சரிசெய்தபின் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை வருகிறது. இப்போது பின்பக்கமாக, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், ஒரே வீச்சில் வாயிலுக்குள் நுழைகிறேன். அந்த ஓசையை அப்படியே விட்டுவிடலாமா?

இரண்டாம் பதில் அளித்தவர்:

விட வேண்டாம். முன்சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் வலமும் ஆட்டும்போது மற்றொருவர் டை ராடு எண்டுகள்மீதும் ரேக்கின் புஷ்மீதும் (ரேக்கைத் தாங்கும் உறை) கைவைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் எங்கே தெரிகிறதோ அந்த உறுப்பை மாற்றுங்கள். ஆட்டம் ரேக்கின் பற்களிலேயே இருந்தால் ரேக்கையே மாற்ற வேண்டும். அட்ஜஸ்டரை மட்டும் மறுபடியும் இறுக்க விடாதீர்கள்.