புதுப்பிப்பு: ஃபெலா குட்டியின் ‘ஸோம்பி’ ஒருவழியாகப் பிடிபட்டது

எல்லோரும் கொண்டாடும் ஆஃப்ரோபீட் (நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின், ஆப்பிரிக்கத் தாளமும் ஜாஸும் கலந்த இசை) எனக்கு மட்டும் ஏன் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வருவதுபோல் சலிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘ஸோம்பி’ பாட்டின் வரிகளை முதலில் படிக்கச் சொன்ன யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பிட்ஜின் ஆங்கிலம் (நைஜீரியாவின் கலப்புப் பேச்சுவழக்கு) தாளில் சப்பென்று இருந்தது. பலித்தது, “ஃபெலாவின் டிரம்மர் டோனி ஆலனின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள்” என்ற பதில்தான். ஹெட்போன் போட்டு மூன்று இரவு கேட்டேன். கிட்டாரும் பாஸும் அசையாமல் சுற்ற, டிரம்ஸ் மட்டும் சின்னச் சின்னதாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சலிப்பு அங்கேயே போயிற்று.

அப்புறம்தான் வரிகள் உறைத்தன. 12 நிமிடப் பாட்டில் குரல் வரவே பல நிமிடம் ஆகிறது. வந்ததும் ஃபெலா ராணுவ அணிவகுப்புக் கட்டளைகளை அடுக்குகிறார்: வரிசையில் சேர், கலைந்து போ, கீழே விழு! ஒவ்வொன்றுக்கும் பெண்கள் ‘ஸோம்பி’ (சொந்த புத்தி இல்லாத நடைப்பிணம்) என்று பதில் பாடுகிறார்கள். சொன்னதைச் செய்யும் சிப்பாய்க்கு இதைவிடக் கேலி வேண்டுமா?

எதிர்பாராதது இதன் பின்கதை. பாட்டு வந்தது 1976இல். 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் 1000 நைஜீரியச் சிப்பாய்கள் லாகோஸ் நகரில் ஃபெலாவின் ‘கலகுட்டா’ என்ற வீட்டுக்குள் புகுந்து அடித்து, தீ வைத்தார்கள். பெண்ணுரிமைப் போராளியான அவர் தாய் ஃபன்மிலாயோவை ஜன்னல் வழியாக வீசினார்கள். மறு ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார். அவருடைய சவப்பெட்டியை ராணுவ ஆட்சியாளரின் இருப்பிடத்துக்கே கொண்டுபோனதைப் பற்றியும் ஃபெலா பாடியிருக்கிறார். அந்தப் பாட்டைத்தான் அடுத்துக் கேட்கப்போகிறேன், 20 நிமிடத்துக்கு மேல்.