மியூஸ்கோர் 4: பார் கோடு பாடல்வரிகளை வெட்டுகிறது

கேள்வி: இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்கோர் 4-இல் ஒரு சேர்ந்திசை: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்கள், கீழே பியானோ. குரல்களைச் சேர்த்துக் காட்டும் இடதுபுற அடைப்பான பிராக்கெட், மேல் இரண்டு ஸ்டாஃபோடு (ஸ்டாஃப்: ஸ்வரங்கள் எழுதும் ஐந்து கோடுகள்) நிற்கிறது; நான்கையும் சேர்க்க வேண்டும். பார்களை, அதாவது தாளப் பகுதிகளை, பிரிக்கும் செங்குத்தான பார் கோடோ நான்கு குரலையும் இணைத்து, பாடல்வரிகளுக்கு நடுவே ஓடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: பிராக்கெட்டைக் கிளிக் செய்யுங்கள். கீழ் முனையில் சின்னக் கைப்பிடி தெரியும், அதை பேஸ் ஸ்டாஃப் வரை இழுங்கள். பார் கோட்டுக்கு எதிர்த்திசை: சோப்ரானோவின் கோட்டைக் கிளிக் செய்து, கைப்பிடியை அதே ஸ்டாஃபின் கடைசிக் கோட்டுக்கு ஏற்றிவிடுங்கள். எல்லா வரிசையிலும் (ஒன்றாக இசைக்கும் ஸ்டாஃப்களின் தொகுப்பு ஒரு வரிசை) மாறும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் அந்த ஒரு கோடு மட்டுமே மாறும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

பதில் 2: பியானோவின் இரு கைகளுக்கான ஸ்டாஃப்களை இணைக்கும் கோட்டைப் பிரிக்காதீர்கள். வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களுக்குக் கோடு இணைவதுதான் மரபு; குரல்களுக்கு இடையில் பாடல்வரிகள் இருப்பதால் அங்கே இணைப்பதில்லை.

கேள்வி: சரியாகிவிட்டது, நன்றி. ஒரு பக்கத்தில் மட்டும் ஆல்ட்டோவின் பாடல்வரி டெனரை நெருக்குகிறது.

பதில் 1: ஸ்டைலில் ஸ்டாஃப் இடைவெளியைக் கூட்டினால் எல்லாப் பக்கமும் விரியும், வேண்டாம். அந்த வரிசையில் ஆல்ட்டோவின் ஒரு பாரைத் தேர்ந்தெடுத்து, லேஅவுட் பாலட்டிலிருந்து (குறிகள் அடுக்கிய பட்டியல்) கீழ்நோக்கிய ஸ்பேசரை, அதாவது ஸ்டாஃபுக்குக் கீழே இடம் விடும் குறியை, சேர்த்து, தேவையான அளவு இழுங்கள்.