பூர்வகுடி ஊர் கிளினிக்கில் கோவிட்: விமானம் வரும்வரை ஆக்சிஜன் தாங்குமா?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், தொலைதூரப் பூர்வகுடி ஊர்களுக்குப் போகும் நர்ஸ்களுக்காகக் குறிப்பு தயாரிக்கிறேன். டாக்டர் போனில்தான் கிடைப்பார். மூச்சுத்திணறலோடு ஒருவர் வந்தால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்தக் கட்டத்தில் விமானம் கேட்பது? வீட்டில் மற்றவர்களை எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
ஆக்சிஜன் கணக்கை முதலில் போடுங்கள். நிறைந்த 'டி' அளவு சிலிண்டரில் ஏறக்குறைய 1,600 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 2 மணி 40 நிமிடத்தில் காலி. மழையில் மண் ஓடுபாதை சேறாகிவிட்டால் விமானம் மறுநாள்தான். அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உட்கார்ந்திருக்கையில் 95 காட்டுபவரை ஒரு நிமிடம் நடக்கவைத்துப் பாருங்கள். 3 புள்ளி இறங்கினால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கருத்த தோலில், இந்த அளவைக் காட்டும் விரல் கருவியான ஆக்சிமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே மூச்சையும் முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பிப்போகும். கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) இருந்தால் லேசாக மூச்சு வாங்குபவருக்கு அது போதும், சிலிண்டர் மிஞ்சும். ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

பதில் 2:
டெஸ்ட் பற்றி: கிளினிக்கிலேயே கோவிட் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் முடிவு வர சுமார் 45 நிமிடம். நாலு அறை இயந்திரம் என்றால் ஒரு சுற்றில் நாலு பேர்தான். ஒரே வீட்டிலிருந்து 12 பேர் வந்தால் டயாலிசிஸ் நோயாளி, கர்ப்பிணி, மூச்சு வாங்குபவர் முதலில். மாதிரிக் குழாயை 5 முறை கவிழ்த்துக் கலந்து, இயந்திரத்தில் வைக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் 300 மைக்ரோலிட்டர் விடுங்கள். பிப்பெட்டில் குமிழி இருந்தால் அளவு குறைந்து கார்ட்ரிட்ஜ் வீணாகும். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று சொல்லமுடியாது.

"தனி அறையில் இருங்கள்" என்பது அங்கே வெறும் பேச்சு. ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும். 2021-இல் நியூ சவுத் வேல்ஸின் வில்கேனியாவில் மோட்டார்ஹோம் வண்டிகளைக் கொண்டுவந்துதான் ஆட்களைப் பிரித்தார்கள். தங்க இடத்தை ஊர்ப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

பதில் 3:
இரண்டு பேரும் விட்டது பென்சிலின் ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைக் கெடுக்கும் நோய்) வந்த பிள்ளைகளுக்கு 28 நாளுக்கொரு தடவை அது போட்டே ஆகவேண்டும். கோவிட் பயத்தில் கிளினிக் பக்கம் வராமல் நாள் தள்ளிப்போனால் காய்ச்சல் திரும்பி இதய வால்வு மேலும் கெடும். பட்டியலை எடுத்து, முறை வரப்போகும் பிள்ளைகளின் வீட்டுக்கே போங்கள். ஊசியை 2 முதல் 8 டிகிரியில் எடுத்துச்சென்று, போடுமுன் உள்ளங்கையில் உருட்டிக் குளிர் போக்கி, 2 நிமிடமாவது எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள்; வேகமாகப் போட்டால் வலி தாங்காமல் பிள்ளை அடுத்தமுறை ஒளிந்துகொள்ளும். கூட அந்த ஊர் சுகாதாரப் பணியாளர் வரட்டும். எந்தப் பிள்ளை இன்று எந்தப் பாட்டி வீட்டில் தூங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.